மீன் முள்ளில் கிடக்கும் மணிச்சத்து: இராமநாதபுரம் கரைக்கு எந்த வேதிப்பொறியியல் பொருந்தும்?

முதல் நாள் ராத்திரி வைத்த சூடை மீன் குழம்பை மறுநாள் பழைய சோற்றுக்கு ஊற்றிச் சாப்பிட்டவர்களுக்கு இது தெரியும். நேற்று தொண்டையில் குத்திய முள் இன்று பல்லில் பட்டதும் நொறுங்கிவிடும். அடுப்புச் சூட்டில் முள்ளின் பசைப்பொருள் இளகியது பாதிக் காரணம். மீதிப் பாதி புளி. புளியின் அமிலம் ராத்திரி முழுக்கச் சட்டிக்குள் இருந்து, முள்ளுக்கு உறுதி தரும் கால்சியம் பாஸ்பேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்திருக்கிறது.

பாஸ்பேட் உரத் தொழிற்சாலைகள் செய்வதும் அடிப்படையில் இதுதான். கரையாத கால்சியம் பாஸ்பேட்டை எடுத்து, அமிலம் ஊற்றி, செடியின் வேர் குடிக்கக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். எந்தப் பாஸ்பேட், எந்த அமிலம், எவ்வளவு, மிஞ்சுவதை என்ன செய்வது என்பதில்தான் எல்லா வித்தியாசமும் இருக்கிறது. இராமநாதபுரம் கடற்கரைக்கு இந்தக் கேள்விகளைப் போட்டுப் பார்த்தால், பாடப்புத்தகத்தில் இருக்கும் பெரிய ஆலை இங்கே விடையாக வருவதில்லை. வேறொன்று வருகிறது.

முதலில் அந்தப் பெரிய ஆலையைப் பார்த்துவிடுவோம். நமக்குப் பக்கத்திலேயே, தூத்துக்குடியில், டைஅமோனியம் பாஸ்பேட் என்ற டிஏபி உரம் தயாராகிறது. துறைமுகத்தில் ராக் பாஸ்பேட்டும் கந்தகமும் பாஸ்பாரிக் அமிலமும் கப்பலில் வந்து இறங்குகின்றன. இந்தியாவுக்குத் தேவையான பாஸ்பேட் பாறையில் பெரும்பகுதி ஜோர்டான், மொராக்கோ, எகிப்து, டோகோ போன்ற நாடுகளிலிருந்துதான் வருகிறது. பாறையை மாவாக அரைத்து, கந்தக அமிலத்தோடு 70 முதல் 80 டிகிரி சூட்டில் கலக்குவார்கள். பாறையிலுள்ள கால்சியம் அமிலத்தின் சல்பேட்டோடு சேர்ந்து ஜிப்சமாகப் படிந்துவிடும். அதை வடிகட்டினால் கீழே வருவது பாஸ்பாரிக் அமிலம். அமோனியாவை அதில் செலுத்தினால் டிஏபி.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் அளவுகளைப் பாருங்கள். உர மூட்டையில் 18:46 என்று போட்டிருக்கிறதே, அந்த 46தான் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ் பென்டாக்ஸைடாகக் கணக்கிட்ட பாஸ்பரஸ். அந்தக் கணக்கில் ஒரு டன் மணிச்சத்தை அமிலமாக எடுக்க மூன்று டன்னுக்கு மேல் பாறையும், இரண்டரை டன்னுக்கு மேல் கந்தக அமிலமும் வேண்டும். வெளியே வரும் ஜிப்சமோ ஏறத்தாழ 5 டன். பாறையில் இருந்த ரேடியத்தின் பெரும்பகுதி அந்த ஜிப்சத்தோடு போகும். ஃப்ளூரின் வாயுவாகக் கிளம்பும், அதைத் தண்ணீர் தெளித்துப் பிடித்தாக வேண்டும். இத்தனையும் கட்டுப்படியாக வேண்டும் என்றால் ஆலை ராட்சத அளவில் இருக்க வேண்டும், பாறையும் நல்ல தரமாக, மாறாத தரமாக வந்துகொண்டே இருக்க வேண்டும். 2008இல் உலகச் சந்தையில் பாறை விலை ஒரே வருடத்துக்குள் பல மடங்கு ஏறியது. 2021இல் சீனா ஏற்றுமதியை இறுக்கிப் பிடித்ததும் சந்தை மறுபடி ஆட்டம் கண்டது. கண்டம் தாண்டி ஒரு முடிவு எடுத்தால், கமுதியில் விவசாயி டிஏபி மூட்டைக்காகக் கூட்டுறவுச் சங்க வாசலில் காத்திருக்க நேர்கிறது.

அப்படியானால் பக்கத்தில் பாறையே இல்லையா? இருக்கிறது. திருச்சி, பெரம்பலூர் வட்டாரத்தில் ஊட்டத்தூர்ப் பக்கம் களிமண்ணுக்குள் பாஸ்பேட் முடிச்சுகள் கிடக்கின்றன. 19ஆம் நூற்றாண்டிலேயே நிலவியலாளர்கள் அவற்றைப் பற்றி எழுதிவிட்டார்கள். ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்ததற்கான அடையாளம் அவை. சிக்கல் என்னவென்றால், அவை ஒரே படுகையாக இல்லை, சிதறிக் கிடக்கின்றன. சுண்ணாம்பும் இரும்பும் அலுமினியமும் கலந்திருக்கின்றன. சுண்ணாம்பு அமிலத்தை வீணாகக் குடித்து நுரை பொங்கும். இரும்பும் அலுமினியமும் பாஸ்பாரிக் அமிலத்தைச் சேறாக்கிவிடும், வடிகட்டித் துணி அடைத்துக்கொள்ளும். இரும்பு, அலுமினியம், மெக்னீசியம் மூன்றின் ஆக்ஸைடுகளும் சேர்ந்து மணிச்சத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது டிஏபி ஆலைக்காரர்களின் பொதுவான கணக்கு. ராஜஸ்தானில் ஜாமர்கோட்ராவில் தரம் குறைந்த பாறையை மிதப்பு முறையில் பிரித்துத் தரம் உயர்த்துகிறார்கள். அதற்கு மலை மலையாகச் சரக்கு வேண்டும். ஊட்டத்தூர் முடிச்சுகளுக்கு அது தாங்காது.

கடலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு கதை. தலைமன்னாரில் இறங்கி உள்ளே போனால், அனுராதபுரத்துக்குத் தெற்கே எப்பாவல. 1971இல் அங்கே அபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் தாதுவின் பெரிய படிவு கண்டுபிடிக்கப்பட்டது. சுமார் 6 கோடி டன் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். தரம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்தத் தாதுவில் குளோரின் இருக்கிறது, அமில ஆலையின் எவர்சில்வர் குழாய்களை அது அரித்துவிடும். அப்படியே அரைத்துப் போடலாம் என்றால், கரைவது மிக மெதுவாக நடப்பதால் தேயிலை, ரப்பர், தென்னை போன்ற நீண்டகாலப் பயிர்களுக்குத்தான் உதவுகிறது. 1990களில் ஒரு பன்னாட்டு நிறுவனம் மொத்தமாகத் தோண்டி எடுக்க வந்தபோது அந்த ஊர் விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2000இல் இலங்கை உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. நல்ல தாது கையில் இருந்தாலே போதாது, அதன் குணத்துக்கும் அந்த மண்ணில் வாழ்பவர்களுக்கும் பொருந்தும் வழி வேண்டும் என்பதை எப்பாவல நமக்குப் பக்கத்திலேயே இருந்து காட்டுகிறது.

சரி, நம் கரைக்கு வருவோம். இங்கே பாஸ்பேட் இருப்பது பாறையில் இல்லை, மீன் முள்ளில். பாம்பன், மண்டபம், இராமேஸ்வரம், தொண்டி, கீழக்கரை, மூக்கையூர் என்று எந்த இறங்குதளத்துக்குப் போனாலும் தலையும் முள்ளும் செதிலும் குவியலாகக் கிடக்கும். கருவாட்டுக் களத்தில் உப்போடு சேர்ந்து காய்ந்த துண்டுகள் வேறு. காய்ந்த முள்ளில் மணிச்சத்து 20 முதல் 25 சதவீதம் வரை இருக்கும். தரம் குறைந்த பாறைகளை விட இது ஒன்றும் மோசமில்லை. சூப்பர் பாஸ்பேட் என்ற உரமே எலும்பில் அமிலம் ஊற்றிப் பார்த்ததிலிருந்துதான் பிறந்தது. இங்கிலாந்தில் ஜான் லாஸ் அதற்கு 1842இல் காப்புரிமை வாங்கினார். பாறை பிறகு வந்து எலும்பின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். விசைப்படகு வலையில் சிக்கும் பொடிமீனை, காரலும் குஞ்சுமாக வருவதை, நம் ஊரில் சங்காயம் என்பார்கள். இப்போதே அது கோழித்தீவனத்துக்குப் போகிறது. உரத்துக்கும் சங்காயம் வேண்டும் என்று ஆரம்பித்தால், வளர வேண்டிய குஞ்சை எடுத்து வயலில் கொட்டுவதாகிவிடும். நான் பேசுவது மனிதர் சாப்பிட எடுத்தது போக மிஞ்சும் தலையையும் முள்ளையும் மட்டுமே.

அளவையும் மிகைப்படுத்தக் கூடாது. ஈரக் கழிவு ஒரு டன்னில் காய்ந்த முள் நூறு கிலோ தேறும் என்று வைத்துக்கொள்வோம். அதிலிருக்கும் மணிச்சத்து 20, 25 கிலோ. ஒரு 50 கிலோ டிஏபி மூட்டையில் இருப்பது 23 கிலோ. ஆக, ஒரு டன் ஈரக் கழிவுக்கு ஒரு மூட்டை டிஏபி. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் பல தவறான திட்டங்கள் தானாக விழுந்துவிடும். ஈரக் கழிவை லாரியில் ஏற்றி நூறு கிலோமீட்டர் கொண்டுபோனால் டீசல் செலவிலேயே லாபம் கரைந்துவிடும். தண்ணீரைச் சுமக்கக் கூடாது. முள்ளை இறங்குதளத்தின் பக்கத்திலேயே பிரித்து, கழுவி, காயவைத்து, எடை குறைந்த பிறகுதான் நகர்த்த வேண்டும். செய்த உரமும் பக்கத்து வட்டாரத்திலேயே செலவாக வேண்டும்.

இனி முள்ளின் குணம். பாறையில் இருக்கும் அபடைட்டுக்குக் கோடிக்கணக்கான வருடம் படிகமாக வளர நேரம் கிடைத்திருக்கிறது. முள்ளில் இருக்கும் அபடைட்டோ உயிரோடு இருந்த உடம்பில் உருவானது. படிகங்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை, நடுநடுவே கார்பனேட் புகுந்து கட்டுக்கோப்பைத் தளர்த்தியிருக்கும். அதனால்தான் புளிக்குழம்பு போன்ற மெல்லிய அமிலத்துக்கே அது மசிகிறது. உரம் செய்கிறவனுக்கு இது பெரிய வரம். முள்ளில் ஃப்ளூரின் குறைவு, காட்மியம், யுரேனியம் தொந்தரவும் பாறையில் போல இல்லை.

இந்த வரத்தைக் கெடுப்பதும் எளிது. எலும்பைச் சுட்டுப் பொடிப்பது சுலபம் என்று பலரும் நினைக்கிறார்கள். நன்றாகச் சுட்டால் வெள்ளை வெளேரென்று சாம்பல் கிடைக்கும், கையால் நசுக்கலாம், நாற்றமும் இராது. ஆனால் 700 டிகிரியைத் தாண்டினால் அந்தச் சின்னப் படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டி வளர ஆரம்பிக்கும். முள்ளைக் கொண்டுபோய்ப் பாறையாக்கிவிடுகிறோம். சுட்டே ஆக வேண்டும் என்றால் காற்றை அடைத்து 400, 500 டிகிரிக்குள் நிறுத்த வேண்டும். அது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண் பூசி, புகையின் நிறம் பார்த்து ஓட்டையை அடைக்கும் கரிமூட்டக்காரர்கள் இந்த மாவட்டம் முழுக்க இருக்கிறார்கள். வெப்பமானி இல்லாமலேயே காற்றைக் கட்டுப்படுத்தத் தெரிந்தவர்கள். ஒரு தகர டிரம்மில் முள்ளை மூடி வைத்து அந்தச் சூட்டிலேயே கரியாக்க முடியும். கறுப்பாக வந்தால் சரி, வெளுத்தால் சூடு அதிகம்.

அடுத்தது அமிலம். இயற்கை விவசாயம் செய்கிறவர்கள் உடனே மீன் அமிலத்தைச் சொல்வார்கள். மீன் கழிவும் வெல்லமும் சம எடை, மூடி வைத்து மூன்று வாரத்துக்கு மேல் ஊறவிட்டால் தேன் நிறத்தில் ஒரு திரவம். அது நல்ல பொருள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் டிரம்மின் அடியைத் துழாவிப் பாருங்கள், முள் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு கிலோ எலும்புத் தாதுவை முழுக்கக் கரைக்க ஏறத்தாழ 14 மோல் அமிலம் வேண்டும். தயிரைப் புளிக்கவைக்கும் லாக்டிக் அமிலமாகச் சொன்னால் ஒன்றேகால் கிலோ. அவ்வளவு அமிலம் உருவாக அதே அளவுக்குச் சர்க்கரை புளிக்க வேண்டும். முள்ளைக் கரைக்க வெல்லம் வாங்கினால், அந்தக் காசுக்கு உரத்தைக் கடையிலேயே வாங்கிவிடலாம். மீன் அமிலம் சதையில் இருக்கும் தழைச்சத்தை எடுக்கும் வழி. முள்ளுக்கு அது போதாது.

ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு வழி. ஜெலட்டின் ஆலைகள் எலும்பை இதில் ஊறவைத்துத் தாதுவைக் கரைத்தெடுத்து, அந்தத் திரவத்தில் சுண்ணாம்புப் பால் சேர்த்து டைகால்சியம் பாஸ்பேட்டாகப் படியவைக்கின்றன. சுத்தமான சரக்கு, கோழித்தீவனத்துக்கே போகும். உப்பிலிருந்து காஸ்டிக் சோடா எடுக்கும் ஆலை தூத்துக்குடி மாவட்டத்துச் சாகுபுரத்தில் இருக்கிறது, அந்தத் தொழிலில் இந்த அமிலம் கூடவே வரும் பொருள். ஆனால் கடைசியில் கால்சியம் குளோரைடு கலந்த தண்ணீர் மிஞ்சும். அதை எங்கே விடுவது? மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிப் பவளமும் கடற்புல்லும் இருக்கின்றன, 1986 முதல் அது தேசியப் பூங்கா. கழிவுநீர் விடும் எந்த முறையையும் இந்தக் கரைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எனக்குப் பொருத்தமாகப் படுவது மூன்றாவது வழி: கந்தக அமிலத்தைப் பாதி அளவில் மட்டும் ஊற்றுவது. ஒரு கிலோ எலும்புத் தாதுவை முழுக்கக் கரைக்க 680 கிராம் அளவுக்குக் கந்தக அமிலம் வேண்டும். அதில் பாதி, 340 கிராம், ஊற்றினால் ஒரு பகுதி உடனே கரையும் பாஸ்பேட்டாக மாறும், மீதி மெதுவாகக் கொடுக்கும். வடிகட்டுவது கிடையாது, கழிவுநீரும் கிடையாது. உருவாகும் ஜிப்சம் உரத்தோடு அப்படியே இருந்துவிடும்.

அந்த ஜிப்சம்தான் இங்கே முக்கியம். தூத்துக்குடி மாதிரி ஆலைக்கு அது குவிந்து கிடக்கும் சுமை. திருப்புல்லாணி, கடலாடிப் பக்கத்துக் களர் நிலத்துக்கோ அது மருந்து. களரில் மண்துகளோடு ஒட்டியிருக்கும் சோடியத்தைக் கால்சியம் வெளியே தள்ளும், மழை அதைக் கழுவிக்கொண்டு போகும். ஒரே மூட்டையில் மணிச்சத்தும், கால்சியமும், கந்தகமும் நிலத்துக்குப் போய்ச் சேர்கின்றன. பாஸ்பாரிக் அமிலம் எடுத்து, ஜிப்சத்தைத் தனியாகப் பிரித்து, பிறகு இரண்டையும் தனித்தனி லாரியில் இதே ஊருக்குக் கொண்டுவருவதை விட இது எவ்வளவு நேரான வழி!

வெறும் எலும்புத்தூளையே போட்டால் என்ன என்று கேட்கலாம். நீலகிரித் தேயிலைத் தோட்டத்தில் போடலாம், அங்கே மண்ணே புளித்த மண். அமிலம் மண்ணிலேயே இருப்பதால் தூள் தானாகக் கரையும். நம் கரிசலும் கடலோர மண்ணும் காரத்தன்மை உள்ளவை, பெரும்பாலும் எட்டைத் தாண்டிய பிஎச். அதில் எலும்புத்தூள் போட்ட இடத்திலேயே கிடக்கும். டிஏபி போட்டால் கூட, அதன் பாஸ்பேட் கொஞ்ச நாளில் மண்ணின் கால்சியத்தோடு கட்டிக்கொள்கிறது. போட்டதில் முதல் பயிர் எடுத்துக்கொள்வது ஐந்தில் ஒரு பங்கு தேறினால் அதிகம். அதனால்தான் பாஸ்போபாக்டீரியாவைத் தொழு உரத்தோடு கலந்து போடச் சொல்கிறார்கள். அந்த நுண்ணுயிர்கள் விடும் அமிலம் வேர்ப்பக்கத்தில் நாம் பார்த்த அதே புளிக்குழம்பு வேலையைச் செய்கிறது. பாதி அமிலம் கண்ட முள்தூளோடு அதைச் சேர்த்து, விதை வரிசைக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று உதவும். ஆனால் தூளின் புளிப்பு அடங்கிய பிறகே கலக்க வேண்டும், இல்லாவிட்டால் நுண்ணுயிரே செத்துப்போகும்.

வேலையின் நெளிவுசுளிவுகள் உண்டு. கருவாட்டுக் களத்து முள்ளில் உப்பு ஏறியிருக்கும். அதைக் கழுவாமல் போட்டால் உவர் நிலத்தில் இன்னும் உவரைக் கூட்டுகிறோம். கழுவிய தண்ணீரின் மின்கடத்தலை அளக்க உள்ளங்கைக்குள் அடங்கும் கருவி போதும், அளவு இறங்கும்வரை அலச வேண்டும். அமிலம் ஊற்றும்போது கார்பனேட்டால் நுரை பொங்கும், அதனால் பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் தெறித்து முகத்தில் அடிக்கும். இதனால்தான் இதை வீட்டுக்கு வீடு செய்யச் சொல்ல மாட்டேன். பயிற்சி பெற்ற ஆட்களோடு, கூரை போட்ட, தண்ணீர் வசதி உள்ள ஒரு பொதுக்கூடத்தில் நடக்க வேண்டிய வேலை. கலந்த பிறகு இரண்டு மூன்று வாரம் குவித்து வைத்தால் வினை முடிந்து, பிசுபிசுப்புப் போய், கையில் உதிரும் தூளாக வரும்.

கரைந்து ஓடும் பாஸ்பேட்டுக்கு வேறு வழி. மீன் பதப்படுத்தும் கூடத்துத் தண்ணீரைச் சாண எரிவாயுக் கலன் போன்ற மூடிய தொட்டியில் மட்கவிட்டால், அதில் அமோனியாவும் பாஸ்பேட்டும் வெளிப்படும். மூன்றாவதாக மெக்னீசியம் சேர்ந்தால் ஸ்ட்ரூவைட் என்ற வெள்ளைப் படிகமாக அடியில் விழும். டின்னில் அடைத்த மீனில் சில சமயம் கண்ணாடித் துண்டு போல ஒன்று தட்டுப்படுமே, அது பெரும்பாலும் இந்தப் படிகம்தான். மணிச்சத்து 29 சதவீதம், தழைச்சத்து ஐந்தரைக்கு மேல்.

மெக்னீசியம் வாங்க நாம் எங்கும் போக வேண்டாம். வாலிநோக்கத்தில் தமிழ்நாடு அரசின் உப்பு நிறுவனத்து அளங்கள் இருக்கின்றன. பாத்தியில் உப்பு விளைந்து வாரிய பிறகு, அடர்த்தியை அளக்கும் போமே அளவில் 30 டிகிரியைத் தொட்ட கசப்புத் தண்ணீர் மிஞ்சும். அதில் லிட்டருக்கு 40, 50 கிராம் மெக்னீசியம் இருக்கும், கடல்நீரில் இருப்பதைப் போல முப்பது மடங்குக்கு மேல். ஒரு கிலோ பாஸ்பரஸைப் பிடிக்க இந்தத் தண்ணீர் 20 லிட்டருக்குள் போதும், கிடைக்கும் ஸ்ட்ரூவைட் ஏறத்தாழ 8 கிலோ. இன்னொரு வசதியும் இருக்கிறது. ஸ்ட்ரூவைட்டுக்கு எதிரி கால்சியம். அது புகுந்தால் படிகம் விளையாமல் சேறாகிவிடும். உப்பளத்திலோ கால்சியம் முந்தைய பாத்திகளிலேயே ஜிப்சமாகப் படிந்துவிடுகிறது, கடைசியில் மிஞ்சும் தண்ணீரில் அது அனேகமாக இல்லை. அளக்காரர்கள் பாத்தி பாத்தியாகத் தண்ணீரை நகர்த்தும்போது நமக்கான சுத்திகரிப்பையும் செய்து முடித்துவிடுகிறார்கள். பிஎச்சை ஒன்பதுப் பக்கம் உயர்த்தச் சுண்ணாம்பு போடக் கூடாது, மறுபடி கால்சியம் வந்துவிடும். காற்றை ஊதிக் கரியமிலவாயுவை விரட்டினாலே பெரும்பகுதி உயர்ந்துவிடும். படிகத்தை நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசி எடுக்க வேண்டும், குடிநீருக்கே தட்டுப்பாடான ஊரில் அந்தத் தண்ணீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உப்பு, கசப்புத் தண்ணீர் ஆராய்ச்சிக்கென்றே பாவ்நகரில் இருக்கும் மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு மண்டபத்தில் கிளை இருக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும் அதே மண்டபத்தில். மீனும் உப்பும் தெரிந்தவர்கள் ஒரே ஊரில் இருக்கிறார்கள். இவர்களோடு வேளாண் துறையும் உட்கார்ந்து, ஒரே ஒரு இறங்குதளத்தை எடுத்துக்கொண்டு செய்து பார்க்கலாம்.

அதற்குக் காலக்கணக்கும் இங்கேயே பொருந்தி வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், கூடத்தைக் கட்டவும் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் அந்த இரண்டு மாதம். ஆனி பிறக்கும்போது படகுகள் இறங்கும், கழிவு சேர ஆரம்பிக்கும். ஆடிக் காற்றிலும் வெயிலிலும் கழுவிய முள் சீக்கிரம் காயும். ஆடிக் கடைசியில் அரைத்து அமிலம் கலந்தால், ஆவணியில் குவியல் பதமாகிவிடும். புரட்டாசியில் முதல் மழையை எதிர்பார்த்து முதுகுளத்தூர்ப் பக்கம் குண்டு மிளகாய்க்கு உழவு ஓடும், 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே முண்டு மிளகாய். மூட்டை அதற்கு முன்னால் வயலோரம் வந்து இறங்கியிருக்க வேண்டும்.